மாண்டரின் மீனுக்கு ஒரு நாற்றங்கால்: 30 லிட்டர் ரெஃப்யூஜியம் அமைக்கும் முறை

வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் மாண்டரின் மீன் நோயால் சாவதைவிடப் பட்டினியால் சாவதுதான் அதிகம். வாங்கி வந்த புதிதில் பாறைக்குப் பாறை தாவி, எதையோ கொத்திக்கொண்டே இருக்கும். நன்றாகத்தான் சாப்பிடுகிறது என்று நினைப்போம். இரண்டு மூன்று மாதத்தில் வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கிவிடும். தொட்டியில் இருந்த உயிர்த்தீவனத்தை அது முழுக்க மேய்ந்து தீர்த்துவிட்டது என்பதே அதற்குப் பொருள்.

இந்த மீனின் அறிவியல் பெயர் சின்கிரோபஸ் ஸ்ப்ளெண்டிடஸ். ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் தொடங்கி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரை ஆழம் குறைந்த பவளத் திட்டுகளில் வாழ்கிறது. நம் கரையோரத்து மீன் அல்ல. இங்கே கடைக்கு வருவது இறக்குமதிதான். கடலில் அது தின்பது பாறையிலும் மணலிலும் ஊர்ந்து திரியும் கோப்பிபாடுகள், குட்டி ஆம்பிபாடுகள் (இரண்டும் இறாலுக்கு உறவான பொடி ஓட்டுயிர்கள்), நுண்புழுக்கள், மீன் முட்டைகள். எல்லாமே ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் சமாச்சாரம். பகல் முழுக்க ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும் வாய் அது. காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை பெல்லட் போடும் பழக்கம் இதனிடம் செல்லாது. பெல்லட் என்பது உணவு என்றே பெரும்பாலான காட்டு மாண்டரின்களுக்குத் தெரியாது.

அதனால்தான் ரெஃப்யூஜியம். வேட்டையாட மீன் எதுவும் இல்லாத, ஆனால் பெரிய தொட்டியோடு தண்ணீர் பகிர்ந்துகொள்ளும் ஓர் அடைக்கலத் தொட்டி. அதில் கோப்பிபாடுகள் பயமில்லாமல் பெருகும்.

முதலிலேயே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். ரெஃப்யூஜியத்தை மாட்டிவிட்டால் குழாய் வழியாகக் கோப்பிபாடுகள் தானாகக் கொட்டிக்கொண்டே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மாண்டரினுக்குப் பிடித்த ஹார்பாக்டிகாய்டு வகை கோப்பிபாடுகள் நீந்தித் திரிபவை அல்ல, பற்றிக்கொண்டு ஊர்பவை. தண்ணீரோடு வழிந்து வருபவை அவற்றின் குஞ்சுகளும், பிடி தவறிய சில பெரியவையும்தான். ஆகவே இந்தச் சின்னத் தொட்டியை நாற்றங்காலாகப் பாருங்கள். வயல் என்பது பெரிய தொட்டியின் பாறைகள். நாற்றைப் பிடுங்கி வயலில் நடும் வேலை உங்களுடையது. அந்த வேலைக்கு ஏற்றபடிதான் கீழே உள்ள அமைப்பு முழுவதும் திட்டமிடப்பட்டிருக்கிறது.

வயல் தயாரா?

பெரிய தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பாறை போக சுமார் 200 லிட்டர் தண்ணீர். ஒரு மாண்டரினுக்கு இதைவிடக் குறைவாகத் திட்டமிடாதீர்கள். தொட்டி ஓடத் தொடங்கி குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும்; பாறையில் ஊதாநிறச் சுண்ணப்பாசி படிந்திருக்க வேண்டும். நேற்று வாங்கிய வெள்ளைப் பாறையில் கோப்பிபாடு மேய ஒன்றும் இருக்காது.

பாறை விஷயத்தில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த 'லைவ் ராக்' (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளப் பாறை) என்று யாராவது காதோடு காதாகச் சொல்லி விற்றால் ஒதுங்கிவிடுங்கள். பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்த துண்டாக இருந்தாலும் கதை ஒன்றுதான். செராமிக் பாறையும் சிமெண்டில் வார்த்த பாறையும் போதும். கோப்பிபாடுக்கு வேண்டியது ஓட்டையும் இடுக்கும். அது பவளமா செராமிக்கா என்று அது பார்ப்பதில்லை.

உடன் வாழும் மீன்களையும் கணக்கெடுங்கள். சிக்ஸ் லைன் ராஸ் இருக்கும் தொட்டியில் மாண்டரின் வேண்டாம். அதே கோப்பிபாடைத்தான் அதுவும் தின்னும், இன்னும் வேகமாக. மற்ற சிறு ராஸ் வகைகளும், ஸ்கூட்டர் பிளென்னி என்ற பெயரில் விற்கப்படும், மாண்டரினின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு டிராகோனெட்டும் இதே பட்டியலில் வரும். க்ளௌன் மீன் தொந்தரவில்லை. இரண்டு ஆண் மாண்டரின்களைச் சேர்த்து விடவே கூடாது; முதுகின் முதல் துடுப்பில் நீண்ட முள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஆண்.

தொட்டியும் குழாயும்

ரெஃப்யூஜியத்தை சம்ப்புக்குள் (பெரிய தொட்டிக்குக் கீழே அலமாரியில் இருக்கும் வடிகட்டும் தொட்டி) வைக்கலாம், பெரிய தொட்டியின் பின்பக்கம் தொங்கவிடலாம், அல்லது மேலே வைத்துத் தண்ணீரைத் தானாக இறங்க விடலாம். தீவனத்துக்கு என்றால் மூன்றாவதுதான் சரி. கோப்பிபாடு பம்ப் விசிறியில் சிக்காமல் இறங்கும் என்பது ஒரு காரணம். ஆனால் விசிறியில் பெரும்பாலானவை பிழைத்துவிடும், அதனால் அதைப் பெரிதாக எண்ண வேண்டாம். முக்கியமான காரணம் வேறு: கண் மட்டத்தில், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் மட்டுமே வாராவாரம் கைவைப்பீர்கள். அலமாரிக்குள் குனிந்து பார்க்க வேண்டிய சம்ப்பை இரண்டு மாதத்தில் மறந்துவிடுவோம்.

அளவு: 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், 5 மி.மீ. கண்ணாடி. தண்ணீர் 23 செ.மீ. வரை. அது 31 லிட்டர். சென்னை கொளத்தூர் மாதிரி இடங்களில் அளவு சொன்னால் ஒட்டித் தருவார்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் போடக் கூடாது என்று சொல்லி வையுங்கள். தண்ணீர், பாறைத் துண்டு, கண்ணாடி எல்லாம் சேர்த்து 45 கிலோ வரும். இதைப் பெரிய தொட்டியின் விளிம்பில் ஏற்றாதீர்கள். பக்கத்தில் தனி இரும்பு ஸ்டாண்டு அல்லது செங்கல் சுவரில் ஆழப் பதித்த ஆங்கிள் தாங்கி வேண்டும். ரெஃப்யூஜியத்தின் அடித்தளம் பெரிய தொட்டியின் நீர்மட்டத்தைவிடப் பத்துப் பதினைந்து செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும்.

வெளியேறும் குழாய்க்கு 1 அங்குல டேங்க் கனெக்டர் இரண்டு. ஒன்று அன்றாடத்துக்கு, இன்னொன்று ஆபத்துக்கு. இரண்டு துளைகளையும் பின் கண்ணாடியில், அடியிலிருந்து 18 செ.மீ. உயரத்தில், இடது ஓரத்திலிருந்து 15 செ.மீ., 30 செ.மீ. தூரங்களில் போடுங்கள். கனெக்டரைக் கையோடு கொண்டுபோய் அளந்து, அதற்கேற்ற வைரப் பிட்டால் துளையிடச் சொல்லுங்கள். டஃபன் செய்த (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடியில் துளையிட முடியாது; நொறுங்கும். ஆகவே சாதாரணக் கண்ணாடியில், தொட்டி ஒட்டும் முன்பே துளை. உள்பக்கம் ஒவ்வொரு கனெக்டரிலும் ஓர் எல்போவை மேல்நோக்கி மாட்டி அதில் பைப் துண்டு செருகுங்கள். முதல் பைப்பின் வாய் 23 செ.மீ. உயரத்தில், இரண்டாவதன் வாய் 26 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் இந்தத் துண்டுகளுக்குப் பசை வேண்டாம். இறுகச் செருகினால் போதும். பின்னால் நீர்மட்டத்தை மாற்ற நினைத்தால் துண்டை மாற்றிக்கொள்ளலாம்.

வெளியே ஒரு 'டி' போட்டு அதன் மேல்வாயைத் திறந்து விடுங்கள். காற்று போக வழியில்லாவிட்டால் குழாய் இரவு முழுக்க 'களக் களக்' என்று விழுங்கிக்கொண்டிருக்கும். கீழ்முனை பெரிய தொட்டியின் நீர்மட்டத்துக்கு இரண்டு செ.மீ. கீழே முடியட்டும். உயரத்திலிருந்து விழுந்தால் உப்புத் தெறித்து விளக்கைக் கெடுக்கும்.

முதல் பைப்பின் வாயில் ஹாக்சாவால் 4 மி.மீ. அகலத்தில் ஏழெட்டு வெட்டுப் போட்டு மூடி வையுங்கள். ஸ்பாஞ்ச் மட்டும் வேண்டாம். பாசி போகாமல் தடுக்கிறேன் என்று ஸ்பாஞ்ச் சுற்றினால் கோப்பிபாடும் போகாது, நாலே நாளில் அடைத்தும் கொள்ளும். இரண்டாவது பைப்பின் வாய் திறந்தே இருக்கட்டும். அதில் எப்போதும் தண்ணீர் போகக் கூடாது. போகும் சத்தம் கேட்டால் முதல் பைப் அடைத்திருக்கிறது என்று பொருள்.

ஏற்றும் பம்ப் பெரிதாக வேண்டாம். மணிக்கு 400 முதல் 500 லிட்டர் என்று போட்டிருக்கும், ஒரு மீட்டர் வரை தூக்கும் சின்னப் பம்ப், இந்த உயரத்துக்குப் பாதியளவுதான் தரும். அதிலும் நமக்குத் தேவை மணிக்கு 130 லிட்டர் சுமார். ஒரு லிட்டர் மக்கை ஏற்றும் ஹோஸின் முனையில் பிடியுங்கள். 25 முதல் 30 விநாடியில் நிரம்பினால் சரி. வேகத்தைக் குறைக்க வால்வு வேண்டும். அந்த வால்வு பம்ப் பக்கம் மட்டும் இருக்கட்டும், வெளியேறும் குழாயில் ஒருபோதும் வால்வு போடாதீர்கள்.

வெள்ளக் கணக்கு

மின்சாரம் போய்விட்டு வரும் ஊரில் இந்தக் கணக்கைப் போடாமல் குழாய் மாட்டக் கூடாது. ரெஃப்யூஜியத்தில் ஒரு செ.மீ. உயரம் என்பது 1.35 லிட்டர். பெரிய தொட்டியில் ஒரு செ.மீ. என்பது 5.4 லிட்டர்.

பம்ப் நின்றால், ஏற்றும் ஹோஸின் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம் வரை தண்ணீர் சைஃபன் ஆகித் திரும்ப இறங்கும். முனை 5 செ.மீ. மூழ்கியிருந்தால் 6.75 லிட்டர் கீழே வரும். பெரிய தொட்டி ஒன்றேகால் செ.மீ. ஏறும். விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தால் தரை நனையும். முனையை நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. மேலே, கண்ணாடியில் வழிந்து இறங்கும்படி வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

எதிர்த் திசையில், இரண்டு குழாயும் அடைத்துக்கொண்டால் ரெஃப்யூஜியத்தில் மீதமுள்ள 7 செ.மீ. இடம் ஒன்பதரை லிட்டர் கொள்ளும். மணிக்கு 130 லிட்டர் வேகத்தில் நாலரை நிமிடத்துக்குள் நிரம்பி வழியும். இதற்கு எளிய தடை: பம்ப்பைப் பெரிய தொட்டியின் அடியில் போடாமல், அதன் உறிஞ்சும் வாய் நீர்மட்டத்துக்கு ஒன்றரை செ.மீ. மட்டுமே கீழே இருக்கும்படி மாட்டுங்கள். அப்போது அதிகபட்சம் 8 லிட்டர் ஏற்றியதும் பம்ப்புக்குத் தண்ணீர் எட்டாமல் போகும். வெயில் காலத்தில் ஆவியாகும் தண்ணீரைத் தினமும் ஊற்ற மறந்தாலும் பம்ப் காற்றை இழுத்துக் கத்தி நினைவூட்டும். சம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை பயன்படாது, ஏனென்றால் ரிட்டர்ன் பம்ப் கீழிருந்து நிரப்பிக்கொண்டே இருக்கும். தானாகத் தண்ணீர் விடும் கருவி வைத்திருப்பவர்களுக்கும் அதே கதை. அவர்களுக்கு இரண்டாவது குழாய்தான் ஒரே காவல்.

எல்லாம் மாட்டியதும், ரெஃப்யூஜியத்தில் வேறு எதுவும் வைக்காமல், உப்புநீர் மட்டும் விட்டு 24 மணி நேரம் ஓட்டுங்கள். பத்து முறை பம்ப்பை அணைத்துப் போடுங்கள். பிறகு முதல் பைப்பை ஒரு துணியால் வேண்டுமென்றே அடைத்து, இரண்டாவது பைப் தாங்குகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டால், அடைப்பு வரும் நாளில்தான் முதல் சோதனை நடக்கும்.

உள்ளே என்ன வைப்பது

மணல், சேறு எதுவும் வேண்டாம். ஆழமான மணல் படுகை பெரிய ரெஃப்யூஜியத்துக்குச் சரிதான். 31 லிட்டரில் அது அழுக்கு சேரும் குழி.

நமக்கு வேண்டியவை கூடைகள். ஃபால்ஸ் சீலிங் விளக்குக்குப் போடும் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டி, எக் கிரேட் என்று கேட்டால் தருவார்கள். அதை வெட்டி, கேபிள் டையால் கட்டி, 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரமுள்ள நான்கு பெட்டிகள் செய்யுங்கள். 2 முதல் 4 செ.மீ. அளவுள்ள செராமிக் துண்டுகள், அல்லது செராமிக் வளையங்களால் நிரப்புங்கள். துண்டுகளுக்கு இடையிலுள்ள இருட்டு இடுக்குகளில்தான் கோப்பிபாடுகள் குடித்தனம் நடத்தும். தட்டிக்குத் துரு பிடிக்கும் கம்பி எதுவும் வேண்டாம். தாமிரம் கலந்த கம்பி கூடவே கூடாது. நான்கு கூடைகளையும் தண்ணீர் விழும் பக்கத்தில் வைத்து, வெளியேறும் குழாய்களுக்கு முன்னால் அதே தட்டியால் ஒரு தடுப்பு நிறுத்துங்கள். பாசி குழாயை நெருங்காது.

பாசி என்றால் கீட்டோமார்ஃபா. பச்சை ஸ்க்ரப்பர் நார் மாதிரி சுருண்டு கிடக்கும் கடற்பாசி. டென்னிஸ் பந்து அளவு ஓர் உருண்டை போட்டால் போதும். காலர்பா அழகாக இருக்கும், மலிவாகவும் கிடைக்கும், வேண்டாம். ஒருநாள் காலையில் அது இனப்பெருக்கத்துக்குத் தயாராகித் தன் உள்சரக்கு முழுவதையும் தண்ணீரில் கொட்டி வெளுத்துவிடும். தொட்டி பால் போலக் கலங்கும்.

வாங்கிய பாசியை அப்படியே போடாதீர்கள். வெள்ளைத் தட்டில் உப்புநீர் ஊற்றி, பிரித்துப் பிரித்துப் பாருங்கள். குட்டிப் பழுப்புப் பூ மாதிரி ஐப்டேசியா என்ற கடல் அனிமோன் ஒன்று ஒட்டியிருந்தால், அந்தப் பகுதியையே கிள்ளி எறியுங்கள். ரெஃப்யூஜியத்தில் அதைத் தின்ன ஆள் இல்லை. நாம் வளர்க்கும் கோப்பிபாடைத் தின்று அது பெருகும்.

விளக்கு 10 முதல் 15 வாட், 6500 கெல்வின் எல்.இ.டி. கடையில் வாங்கும் சாதாரண வெள்ளை பல்பே போதும், கிளிப் ஹோல்டரில் மாட்டி, டைமரில் மாலை 7 முதல் காலை 9 வரை எரிய விடுங்கள். பெரிய தொட்டி இருளில் இருக்கும்போது இங்கே பாசி வெளிச்சத்தில் இருந்தால், இரவில் தண்ணீரின் பி.ஹெச். சரிவது குறையும். ஈரம் பட வாய்ப்புள்ள எந்த வயரும் பிளக்கை அடையும் முன் ஒரு தொங்கலாக இறங்கி ஏற வேண்டும். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஓடாது.

விதைப்பு

தொட்டியை நிரப்பப் பெரிய தொட்டியின் தண்ணீரையே எடுத்து, குறைந்ததை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்த புது உப்புநீரால் ஈடுகட்டுங்கள். உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. ஒரு வாரம் ஓடட்டும். அமோனியா பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் சொன்ன பிறகே பாசி. பாசி வேர்கொண்டது போல நிமிர்ந்து ஒரு வாரம் ஆன பிறகே கோப்பிபாடு.

எந்தக் கோப்பிபாடு என்பதில் கவனம். டிஸ்பேதான் நமக்கு அடிப்படை. சின்னது, ஊர்வது, வெப்பத்தில் பெருகுவது, பாசிப்படலமும் மக்கும் கழிவும் தின்று பிழைப்பது. முட்டை பொரிந்து முழு வளர்ச்சி அடைய, இந்த வெப்பத்தில் ஒன்றரை வாரம் போதும். டைக்ரியோபஸ் பெரிதாக, செக்கச்செவேல் என்று இருப்பதால் விற்பனையாளர்கள் அதைத்தான் முன்னே தள்ளுவார்கள். அது கடலோரப் பாறைக் குட்டைகளில் வாழ்வது; தண்ணீரில் துள்ளி நீந்துவதால் விட்ட அன்றே எல்லா மீன்களும் தின்று தீர்த்துவிடும். விருந்துக்கு நல்லது, விதைக்கு உதவாது. அபோசைக்ளாப்ஸ் இரண்டுக்கும் நடுவில். டிஸ்பேயோடு சேர்த்து விடலாம்.

விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் பம்ப்பை நிறுத்தி, பாட்டிலின் வெப்பமும் உப்பும் சரிப்பட அரை மணி நேரம் கொடுத்து, கூடைகளின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பம்ப். இரண்டு வாரம் கழித்து இன்னொரு பாட்டில் விடுங்கள். முதல் பாட்டில் வழியில் வெப்பத்தில் பாதி செத்திருந்தாலும் ஈடாகிவிடும். தண்ணீரில் கிருமி கொல்லும் யு.வி. விளக்கு வைத்திருந்தால் அணைத்துவிடுங்கள். ஃபில்டர் சாக் (வடிகட்டும் துணிப்பை) இருந்தால் இந்த வாரங்களில் கழற்றி வையுங்கள்.

தீனி: உயிருள்ள நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி, அடர்பச்சையாக வளர்ந்தது, 15 மி.லி., ஒருநாள் விட்டு ஒருநாள். ஊற்றியதும் ஒரு மணி நேரம் பம்ப் ஓடக் கூடாது. அளவைத் தண்ணீரே சொல்லும். பம்ப் ஓடாத அந்த ஒரு மணி நேரத்துக்குள் பச்சை தெளிந்துவிட்டால் கூட்டுங்கள். மறுநாளும் தண்ணீர் மங்கலாகவே இருந்தால் குறையுங்கள். பாட்டிலில் வரும் உயிரற்ற பைட்டோ (நுண்பாசிக் கரைசல்) என்றால் பாதி அளவில் தொடங்குங்கள், தின்னாமல் விட்டது அழுகும். எதுவும் கிடைக்காத வாரத்தில் ஸ்பைருலினா பொடியைத் தீக்குச்சித் தலை அளவு எடுத்துத் தண்ணீரில் குழைத்து ஊற்றலாம். டிஸ்பே குறை சொல்லாது.

கீட்டோ வெளுத்துக் கரைகிறதென்றால் பெரும்பாலும் பட்டினிதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் இருக்கும் தொட்டியில் பாசி வளராது. நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும்.

நடவு

விதைத்து ஐந்தாறு வாரம் கழித்து, ரெஃப்யூஜிய விளக்கு அணைந்திருக்கும்போது டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் விட்டு விட்டு ஊர்வது தெரியும். தீக்குச்சியை 5 செ.மீ. சதுரமாக அடுக்கினால் வரும் இடத்தில் முப்பதுக்கு மேல் எண்ண முடிந்தால் நாற்று தயார்.

இனி பத்து நாளைக்கு ஒரு கூடை. ரெஃப்யூஜியத்திலிருந்து ஒரு கூடையை, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கிண்ணத்தோடு சேர்த்து எடுத்து, பெரிய தொட்டியின் பாறைக்குப் பின்னால், பெரிய மீன்கள் நுழைய முடியாத மூலையில் வையுங்கள். அடுத்த முறை முதல், அங்கே ஏற்கெனவே இருக்கும் கூடையை எடுத்து, தொட்டித் தண்ணீரில் அலசி, ரெஃப்யூஜியத்தில் வையுங்கள். இப்படி நான்கும் சுழற்சியில் வரட்டும். கட்டங்களின் வழியே கோப்பிபாடு வெளியே வந்து மேயும். மாண்டரின் அந்தக் கூடையின் வெளிப்பக்கத்தைத் தினமும் ரோந்து வருவதைப் பார்க்கலாம்.

வாரம் ஒருமுறை கீட்டோவில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவதும் நடவுதான். வெட்டிய பாசியை ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் இருபது முறை பலமாக அலசுங்கள். பாசியை எறிந்துவிட்டு, அந்தக் கலங்கல் தண்ணீரை, பெரிய தொட்டியின் விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, பம்ப்புகளை நிறுத்தி அதில் ஊற்றுங்கள். பாசியை அப்படியே குப்பையில் போடுகிறவர்கள் ஒரு வாரத்து விளைச்சலைக் குப்பையில் போடுகிறார்கள். எறியும் பாசியை வெயிலில் காயவைத்து எறியுங்கள். கடலுக்கோ உப்பங்கழிக்கோ அது போகக் கூடாது. மன்னார் வளைகுடாவில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்து மூடிய கதை நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

மீனை எப்போது வாங்கலாம்? பெரிய தொட்டியின் கண்ணாடியிலும், இரவில் அதே 5 செ.மீ. சதுரத்தில் எட்டுப் பத்துப் புள்ளியாவது தொடர்ந்து இரண்டு வாரம் தெரிய வேண்டும். விதைத்த நாளிலிருந்து இரண்டரை மாதம் பிடிக்கும். ரெஃப்யூஜியத்தில் ஆயிரம் இருந்தும் வயலில் ஒன்றுமில்லை என்றால் மீனுக்குப் பயனில்லை.

கடையில் மீனை மேலிருந்து பாருங்கள். தலையைவிட உடல் சட்டென்று ஒடுங்கியிருந்தால், பக்கவாட்டில் வயிறு உள்ளே குழிந்திருந்தால், எவ்வளவு பேரம் படிந்தாலும் விட்டுவிடுங்கள். பண்ணையில் பிறந்த மாண்டரின் கிடைத்தால் விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். உறைந்த தீவனம் தின்னப் பழகியிருக்கும். தாமிர மருந்து கலந்த தனிமைத் தொட்டியில் இதை வைக்காதீர்கள். செதில் இல்லாத, வழவழப்பு மட்டுமே போர்த்திய உடல் அது. அங்கே மேயவும் ஒன்றும் இருக்காது.

கைகாவல் வாளி

நாற்றங்கால் ஒருநாள் அழியும். அதற்காகக் கோப்பிபாடு வளர்க்க 5 லிட்டர் வாளி இரண்டு, வீட்டின் இரண்டு மூலைகளில். உப்படர்த்தி 1.022 முதல் 1.025 வரை. காற்றுக் கல் போடாமல், வெறும் கெட்டிக் குழாய் வழியே விநாடிக்கு ஒன்றிரண்டு குமிழ். கல் போட்டால் வரும் பொடிக் குமிழ்கள் கோப்பிபாடுகளை மேலே தூக்கி ஒட்டவைத்துவிடும். தண்ணீர் வெளிர்ப்பச்சையாகத் தெரியும் அளவுக்குப் பைட்டோ. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை 53 மைக்ரான் சல்லடையில் வடித்து, சிக்கியதைத் தொட்டிக்குக் கொடுங்கள். வடித்த அளவுக்குப் புது உப்புநீர் ஊற்றுங்கள். இரண்டு வாளிக்கும் ஒரே சல்லடை, ஒரே கரண்டி என்றால் இரண்டும் ஒன்றாகத்தான் கெடும். பைட்டோ வளர்க்கும் பாட்டில்கள் வேறு அறையில் இருக்கட்டும். கோப்பிபாடோ, பாசி தின்னும் நுண்ணுயிரான ரோட்டிஃபரோ ஒரு சொட்டு விழுந்தாலும் பச்சைப் பாட்டில் இரண்டு நாளில் தெளிந்துவிடும்.

எங்கே கெடும்

ஒரே இரவில் ரெஃப்யூஜியம் முழுக்கக் காலியானால் முதலில் கொசுவிரட்டியைச் சந்தேகியுங்கள். பிளக்கில் சொருகும் லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே, பெஸ்ட் கண்ட்ரோல் மருந்து பெரும்பாலானவற்றில் பைரெத்ராய்டு இருக்கிறது. பூச்சியைக் கொல்லும் அது, பூச்சியின் நீர்வாழ் உறவான கோப்பிபாடையும் கொல்லும். தொட்டி இருக்கும் அறையில் கொசு பேட், வலை, அவ்வளவுதான். காற்றுப் பம்ப்பும் அதே அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை மறக்க வேண்டாம். இரண்டாவது சந்தேகம் மருந்து: எப்போதோ தாமிரம் ஊற்றிய தொட்டியின் குழாய், பம்ப், பாறை எதையும் இங்கே பயன்படுத்தக் கூடாது.

மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் காரணம் வேறு. கண்ணாடியில் ஊசி முனை அளவு வெள்ளைப் பூக்கள் தெரிந்தால் ஹைட்ராய்டு. கோப்பிபாடின் குஞ்சுகளைப் பிடித்துத் தின்கிறது. தீனியைப் பாதியாகக் குறைத்து, கண்ணாடியைச் சுரண்டி, சுரண்டியதை உறிஞ்சி எடுங்கள். ஒரு செ.மீ. நீளத்துக்கு ஆம்பிபாடுகள் குதித்தோடினால் அவை இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொண்டன. மாண்டரினின் வாய்க்கு அவை பெரிது. இரவில் ஒரு துண்டு இறாலை வலைப்பையில் கட்டிப் போட்டால் மொய்க்கும். அப்படியே தூக்கிப் பெரிய தொட்டியில் மற்ற மீன்களுக்குக் கொட்டிவிடலாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வெப்பம் இன்னொரு எதிரி. 31 லிட்டர் சீக்கிரம் சூடேறும். தண்ணீர் 29 டிகிரியைத் தாண்டினால் ரெஃப்யூஜியத்தின் மேல் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் வீசட்டும். வெப்பம் சற்று இறங்கும், ஆவியாகும் தண்ணீர் கூடும், ஆர்.ஓ. தண்ணீரை அதற்கேற்பச் சேருங்கள்.

மின்சாரம் நான்கைந்து மணி நேரம் போனால், பாசி இருட்டில் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பேட்டரி ஏர் பம்ப்பின் ஒரு குழாயை ரெஃப்யூஜியத்துக்கும் ஒதுக்குங்கள். அதற்கு வழியில்லாமல் நீண்ட நேரம் நின்றிருந்தால், பம்ப் போடும் முன் தண்ணீரை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை இருந்தால் அந்தத் தண்ணீரை வாளியில் எடுத்துக் கொட்டிவிட்டு, புது உப்புநீர் நிரப்பியே ஓட்டுங்கள்.

மீன் மெலிந்தால்

வாரம் ஒருமுறை மேலிருந்தும் பக்கவாட்டிலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரியாது. நான்கு போட்டோவை வரிசையாக வைத்தால் தெரியும்.

மெலிந்திருந்தால், ஜாம் பாட்டில் ஒன்றைத் தொட்டி அடியில் படுக்க வைத்து, மூடியில் மாண்டரின் மட்டும் நுழையும் அளவு துளையிடுங்கள். ஆர்ட்டீமியா (உப்புநீர் இறால்) முட்டையை 28 டிகிரி உப்புநீரில் காற்று விட்டு 24 மணி நேரத்தில் பொரிக்க வைத்து, ஓடுகளை நீக்கி, பொரிந்த அன்றே, நீண்ட குழாய் வழியே பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருநாள் கழிந்த குஞ்சில் சத்து குறைந்துவிடும். நாளுக்கு மூன்று நான்கு முறை. மீன் பாட்டிலைத் தேடி வரத் தொடங்கியதும், சைக்ளாப்ஸ் என்ற உறைந்த கோப்பிபாடைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கலாம். மற்ற மீன்கள் பாட்டிலுக்குள் புகுந்தால் துளையைச் சிறிதாக்குங்கள். அப்போதும் மாண்டரின் கொத்தாவிட்டால், அதைச் சல்லடைப் பெட்டியில் பிரித்து, நடவுக் கூடை ஒன்றோடு இரண்டு வாரம் தனியாக வையுங்கள். வயிறு உருண்ட பிறகு திறந்து விடலாம்.